கடைசி ரீல்

2016 ஜூலை மாதம். ‘கபாலி’ வெளியான மறுநாள் இரவுக் காட்சிக்கு ஈப்போவில் உட்கார்ந்திருந்தேன். ஒரு இருக்கைகூடக் காலி இல்லை. தோட்டம், கேங், முடிவெட்டிக்கொண்டு வந்த பையன்கள் படிக்கும் பள்ளி என்று நம்ம கதையை ரஜினி வந்து சொல்கிறார் என்றால் யார்தான் வீட்டில் இருப்பார்கள்? வேட்டி கட்டிய தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். எங்கள் வீட்டில் பாட்டி மட்டும் வரவில்லை. அவர் எந்தப் படத்துக்கும் வரமாட்டார். அதைப் பிறகு சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் ஓடிய பிரதி எப்படி முடிந்தது என்பது உங்களுக்குத் தெரியும். கபாலியின் பள்ளியில் படித்த பையன் ஒருவன் துப்பாக்கியோடு அவரை நெருங்குகிறான். திரை இருள்கிறது. வெடிச்சத்தம். சுட்டது யார், விழுந்தது யார் என்று பா. ரஞ்சித் சொல்லவில்லை. எங்களுக்குச் சொன்னார்கள். கபாலி காவல்துறையிடம் சரணடைந்தார் என்று திரையில் எழுத்து வந்தது. மலேசியாவுக்கென்று சேர்த்த முடிவு.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “எப்படா சரணடைஞ்சான்? நான் பாத்துக்கிட்டேதானே இருந்தேன்!” அரங்கம் சிரித்தது. வெளியே வந்து நின்றபோதும் யாரும் சண்டைக் காட்சியைப் பற்றிப் பேசவில்லை. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் பேசினார்கள். ஏதோ கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டது போல ஒரு முகம் எல்லோருக்கும்.

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. திரில்லர் பார்க்க வருகிறவர்களுக்கு என்னதான் வேண்டும்? நம் வயதுக்காரர்களைக் கேட்டால் ‘ட்விஸ்ட்’ என்பார்கள். யூகிக்க முடியாத கொலைகாரன், கடைசி ஐந்து நிமிடத்தில் தலைகீழாகும் கதை. விமர்சனம் எழுதுபவர்களும் அதைத்தான் அளந்து பார்க்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. காரணம் அப்பா சொன்ன ஒரு கதை.

சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். 1960களின் நடுப்பகுதி. அப்பாவுக்குப் பத்து வயது. தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத்துணி கட்டிப் படம் போடுவார்கள். 16 மில்லிமீட்டர் புரொஜெக்டர், அதன் பக்கத்தில் ஒரு மேசை, மேசைக்குப் பக்கத்தில் துரைக்கும் கிராணிக்கும் நாற்காலி. மற்றவர்களுக்குப் பாய், சாக்கு, புல். முன்னால் இடம் கிடைக்காதவர்கள் திரைக்குப் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அங்கிருந்து பார்த்தால் எழுத்தெல்லாம் இடவலம் மாறி இருக்கும், கதாநாயகன் இடது கையால் குத்துவான். புந்தோங்கிலிருந்து சைக்கிளில் வரும் கச்சாங் பூத்தேக்காரர் அன்று இரவு ஒரு வாரச் சம்பாத்தியத்தைப் பார்த்துவிடுவாராம்.

அன்று ‘புதிய பறவை’. ஒரே பிரதியை இரண்டு தோட்டங்கள் பங்கு போட்டுக்கொண்டன. அங்கே ஓடி முடிந்த ரீல் மோட்டார் சைக்கிளில் இங்கே வர வேண்டும். மழை பிடித்துக்கொண்டது. கடைசி ரீல் வரவில்லை. விடியற்காலை இருட்டில் பிரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்தாக வேண்டியவர்கள், வெறும் துணியைப் பார்த்துக்கொண்டு நடுராத்திரி தாண்டியும் உட்கார்ந்திருந்தார்கள்.

இதில் நான் கவனிக்கும் விஷயம் ஒன்று. அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் முடிவு தெரியும். ஈப்போவில் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்த தண்டல் ஒருவர் ஆறு மாதத்துக்கு முன்பே லயத்து வாசலில் உட்கார்ந்து கதை முழுதையும் நடித்துக் காட்டிவிட்டார். சௌகார் ஜானகியைக் கொன்றது சிவாஜிதான், சரோஜாதேவி போலீஸ்தான் என்பதெல்லாம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். “அப்புறம் எதுக்குப்பா மழையில உக்காந்திருந்தீங்க?” என்று கேட்டேன். அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். “சிவாஜி வாயால சொல்லணும்ல?”

தாதா மிராசி இயக்கி 1964இல் வந்த படம் அது. ‘சேஷ் அங்கா’ என்ற வங்காளப் படத்திலிருந்து எடுத்தது, அதுவும் ஒரு பிரிட்டிஷ் படத்தின் சாயலில் வந்தது. கதையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். போலீஸ் கையில் சாட்சியே இல்லை. செத்த மனைவி திரும்பி வந்துவிட்டாள் என்று ஒரு நாடகம் போட்டு, ஒரு வீட்டையே மேடையாக்கி, கோபாலைச் சுற்றி வளைக்கிறார்கள். எதற்கு? ஒரே ஒரு வாக்குமூலத்துக்கு. நான்தான் செய்தேன், இப்படித்தான் செய்தேன் என்று அவன் வாயிலிருந்து வர வேண்டும். அறைந்ததில் இறந்துபோன மனைவியைத் தண்டவாளத்தில் கொண்டுபோய்ப் போட்டதை அவன் சொல்லும் இடம்தான் படத்தின் உச்சம். விலங்கு மாட்டுவதல்ல.

ஹிட்ச்காக் ‘ரெபெக்கா’ (1940) எடுத்தபோது நாவலில் கணவன் செய்த கொலையை விபத்தாக மாற்ற வேண்டியிருந்தது. கொலை செய்தவன் தண்டனையில்லாமல் போகக் கூடாது என்பது அன்றைய ஹாலிவுட்டின் தணிக்கை விதி. கோபாலின் அறையும் கிட்டத்தட்ட அப்படியொரு விபத்துதான். ஆனால் நம் ஆட்கள் அதற்குப் பிறகும் விடவில்லை. தவறுதலாக நடந்ததென்றாலும் நீ சொல்லியாகணும்.

இதே சிவாஜி பத்து வருடத்துக்கு முன்னால் இன்னொரு கொலைப் படத்தில் நடித்தார். அதை ஜனங்கள் ஏற்கவில்லை. 1954 ஏப்ரலில் ஏ.வி.எம். வெளியிட்ட ‘அந்த நாள்’. வீணை எஸ். பாலசந்தர் இயக்கம். பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, சண்டை கிடையாது. படம் தொடங்கும்போதே சிவாஜி சுடப்பட்டுச் சாகிறார். ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ வந்து நடிகையைப் பாதிப் படத்தில் கொன்றது 1960இல்தான். பிறகு ஆளுக்கொரு மாதிரி கதை சொல்கிறார்கள். தம்பி, அவன் மனைவி, ஒரு நடனக்காரி, பக்கத்து வீட்டுக்காரர், கடைசியில் மனைவி உஷா. குரோசாவாவின் ‘ரஷோமோன்’ பாதிப்பு என்று எல்லோரும் சொல்வார்கள். பாட்டில்லாத படமா என்று ரசிகர்கள் கோபித்துக்கொண்டு எழுந்து போன கதையும் தமிழ்த் திரை வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதுதான். படத்துக்கு விருதுதான் வந்தது, வசூல் வரவில்லை.

பாட்டு இல்லாததுதான் காரணமா? ஓரளவு இருக்கலாம். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. குற்றவாளியான ராஜன் முதல் காட்சியிலேயே செத்துவிட்டான். அவனைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அவன் தன் பங்குக்கு நின்று பேசுவதில்லை. பின்னோக்கிப் போகும் காட்சிகளில் அவன் வாதாடுகிறான், நியாயம் பேசுகிறான். கலங்குவதில்லை. ‘புதிய பறவை’யில் கோபால் அழுதான். அழுததால் அவன் கொலைகாரன் என்பதையும் தாங்கிக்கொண்டோம்.

இந்த இடத்தில் படத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஒரு மாதத்தைப் பற்றிப் பேச வேண்டும். ‘அந்த நாள்’ கதை 1943 அக்டோபரில் நடக்கிறது. ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்ட மாதம். ராஜன் ஒரு வானொலிப் பொறியாளன். மலிவு விலையில் வானொலி செய்யும் அவன் யோசனையை இங்கே யாரும் மதிக்கவில்லை. அந்தக் கசப்பில் ஜப்பான்காரனுக்கு ரகசியங்களை விற்கிறான். கணவன் துரோகி என்று தெரிந்த மனைவியின் துப்பாக்கியால் சாகிறான். சென்னையில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு இது நேர்க்கோடு: ஜப்பானுக்கு உதவினான், துரோகி.

அதே அக்டோபரில் இங்கே என்ன நடந்தது? 17ஆம் தேதி சயாம் பர்மா ரயில் பாதையின் இரண்டு முனைகளும் இணைந்தன. 21ஆம் தேதி சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசாங்கத்தை அறிவித்தார். அறிவித்த இடம் ஒரு சினிமாக் கொட்டகை, கேத்தே. பேராக் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த பையன்கள் கத்தியைப் போட்டுவிட்டு ஐ.என்.ஏ.வில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். எங்கள் தாத்தா அதில் ஒருவர். ஜப்பானுக்கு உதவியவன் துரோகி என்றால் தாத்தா யார்? பல வருடம் கழித்து ‘அந்த நாள்’ படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அவர் கேட்டாராம்: “இதுல சிவாஜி என்ன தப்பு செஞ்சான்?” பாட்டி அதற்கு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டாராம்.

பாட்டி எழுந்து போனதற்குக் காரணம் இருந்தது. பாட்டியின் அண்ணன்.

சயாமுக்கு ஆள் பிடிக்க ஜப்பானியர்கள் பல வழி வைத்திருந்தார்கள். நல்ல சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொன்னது ஒரு வழி. லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி அள்ளிப்போட்டது இன்னொன்று. மூன்றாவது வழியைப் பற்றிப் போர்க்கால நினைவுக் குறிப்புகளில் வருகிறது: கொட்டகையில் இலவசப் படம் என்று அறிவிப்பார்கள். உள்ளே ஆள் நிறைந்ததும் கதவைப் பூட்டுவார்கள். அப்படியே ரயிலுக்கு. எங்கள் குடும்பத்தில் சொல்லப்படுவதும் அதுதான். பாட்டிக்கு ஒன்பது வயது. அண்ணனுக்குப் பதினேழு. பட்டணத்தில் சும்மா படம் காட்டுகிறார்கள் என்று கூட்டாளிகளோடு போனவர் வரவில்லை. பாட்டியும் கூட வருவேன் என்று அழுதிருக்கிறார். பிள்ளைக்கு எதுக்குப் படம் என்று விட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே பாட்டி கொட்டகைக்குள் போகமாட்டார். திடலில் போட்டால் பார்ப்பார், பிறகு தொலைக்காட்சியில் பார்ப்பார். கதவு உள்ள இடத்தில் பார்க்கமாட்டார். எண்பது வயதிலும் அப்படித்தான். நாங்கள் அதைப் பாட்டியின் பிடிவாதங்களில் ஒன்றாக நினைத்துக் கேலி செய்துகொண்டிருந்தோம். தெரிந்தபோது எனக்கு இருபது வயதாகிவிட்டது.

காஞ்சனபுரிக்கு ஒருமுறை போயிருக்கிறேன். போர்க் கைதிகளாகச் செத்த வெள்ளைக்காரர்களுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள். வரிசை வரிசையாக, புல் வெட்டி, பூச்செடி வைத்து. பெயர், வயது, படைப்பிரிவு. அதே பாதையில் செத்த பல்லாயிரம் தமிழர்களுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ நாவல்களைப் படித்தவர்களுக்கு நான் இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. படிக்காதவர்கள் இந்தக் கட்டுரையை நிறுத்திவிட்டு அதைத் தேடினாலும் எனக்கு வருத்தமில்லை.

ராஜனின் வானொலி போல ஒரு வானொலி எங்கள் பக்கத்திலும் இருந்தது. ஈப்போவிலிருந்து அரை மணி நேரத்தில் பப்பான் என்ற பழைய ஈயச் சுரங்க ஊர். அங்கே 74ஆம் எண் கடைவீட்டில் சிபில் கார்த்திகேசு என்ற தாதி மருந்தகம் நடத்தினார். கணவர் டாக்டர் கார்த்திகேசு, இலங்கைத் தமிழர். காட்டில் இருந்த ஜப்பானிய எதிர்ப்புப் போராளிகளுக்கு ராத்திரியில் ரகசியமாக வைத்தியம் பார்த்தார். வீட்டில் ஒரு வானொலியை ஒளித்து வைத்துக்கொண்டு பி.பி.சி. செய்தி கேட்டார். அதற்கு ஜோசஃபின் என்று பெண்பெயர் வேறு. ஜப்பானியர் காலத்தில் வானொலி வைத்திருந்தால் தலை போகும். 1943இல் பிடிபட்டார். அவர் வாயைத் திறக்க வைக்க, சின்ன மகளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டப் பார்த்தார்கள். அவர் சொல்லவில்லை. யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

சென்னையில் வானொலி வைத்திருந்தவன் துரோகி, பப்பானில் வானொலி வைத்திருந்தவர் வீராங்கனை. இரண்டிலும் ரகசியம், ஒளிந்து கேட்பது, விசாரணை எல்லாம் உண்டு. சிபிலின் நினைவுக் குறிப்பு ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’ லண்டனில் வெளிவந்தது 1954இல். ‘அந்த நாள்’ வந்த அதே வருடம்.

சிபில் 1948 ஜூன் 12ஆம் தேதி பிரிட்டனில் இறந்தார். நான்கு நாள் கழித்து, ஜூன் 16 காலையில், சுங்கை சிப்புட்டில் எல்ஃபில் தோட்டத்தில் ஒரு துரையையும், பின் சூன் தோட்டத்தில் இரண்டு துரைகளையும் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அவசரகாலம் பிறந்தது. பன்னிரண்டு வருடம். லயங்களைச் சுற்றி முள்வேலி, அடையாளக் கார்டு, அரிசிக்குக் கணக்கு, மரம் வெட்டப் போகிறவன் கட்டுச்சோறு கொண்டுபோகக் கூடாது, காட்டில் இருக்கிறவனுக்குக் கொடுத்துவிடுவானாம். எங்கள் ஆட்கள் ஒரு கதைக்குள் இழுத்துப்போடப்பட்டார்கள், அதில் அவர்களுக்கு ஒரே வேடம்தான்: சந்தேகத்துக்குரிய ஆள்.

துப்பறியும் படத்தில் நமக்குக் கிடைக்கிற முதல் சுகம் எது தெரியுமா? எல்லோரையும் சந்தேகப்படும் உரிமை. பணக்கார மாமா, பட்டுப்புடவை அத்தை, டாக்டர், வக்கீல், யாரையும். தினமும் முள்வேலி வாசலில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பவனுக்கு அந்த இரண்டரை மணி நேரம் எவ்வளவு பெரிய விடுமுறை என்று யோசித்துப் பாருங்கள். ஜாவர் சீதாராமன் பெரிய வீட்டு வரவேற்பறையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவரையாகக் கேள்வி கேட்கிறார். துரையையும் கிராணியையும் அப்படிக் கேட்க இங்கே யார் இருந்தார்கள்?

அவசரகாலத்தில் தோட்டத்துக்கு வந்த படங்கள் வேறு. தகவல் இலாகா வேன் வரும். ஜெனரேட்டர், ஒலிபெருக்கி, திரை எல்லாம் அதிலேயே இருக்கும். 1946இல் தொடங்கிய மலாயன் ஃபிலிம் யூனிட் எடுத்த சின்னச் சின்னப் படங்களைத் தமிழிலும் காட்டுவார்கள். காட்டிலிருந்து வந்து சரணடைந்தவர்களை ஊர் ஊராகக் கூட்டிப்போய் மேடையில் பேசவும் வைத்தார்கள். காட்டில் சோறில்லை, தலைவர்கள் ஏமாற்றினார்கள், அரசாங்கம் நல்லபடி நடத்துகிறது. எல்லாப் பேச்சும் ஒரே மாதிரி முடியும்.

‘கபாலி’யின் எழுத்தைப் பார்த்தபோது எனக்கு ஏன் அது எங்கோ பார்த்தது போல இருந்தது என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அறுபது வருடம் கழித்தும் அதே முடிவு. வேன் போய்ப் பேரங்காடித் திரையரங்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். சரணடைவது அதிகாரத்துக்குத் தேவையான முடிவு. அதில் ஆள் கைக்கு வந்துவிடுகிறான், கோப்பை மூடலாம். என்ன நடந்தது என்று யாரும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

நிஜத்திலும் மூடாத கோப்புகள் இருந்தன. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி துப்பாக்கி வைத்திருந்தார் என்று 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். வழியில் கிடந்ததை எடுத்து ஒப்படைக்கப் போனேன் என்பது அவர் சொன்ன பதில். முதல் நாள்தான் அவர் தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். எங்கள் சுங்கை சிப்புட் கொலைகளுக்கு மேலிடத்து உத்தரவு எதுவும் போகவில்லை என்று கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங் தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். அது வெளிவந்தது 2003இல், கொலை நடந்து 55 வருடம் கழித்து. தாத்தா அந்தச் செய்தியைத் தமிழ்ப் பத்திரிகையில் இரண்டு தடவை படித்தார். “இப்ப சொல்றான்” என்றார். திட்டினாரா, சமாதானமானாரா, எனக்குத் தெரிந்துகொள்ள முடியவில்லை.

எழுபதுகளையும் எண்பதுகளையும் வேகமாகத் தாண்டிவிடுகிறேன். அந்தக் காலத்து திரில்லர்களை நம் சிற்றிதழ்கள் போதுமான அளவுக்குக் கொண்டாடிவிட்டன. ‘சிவப்பு ரோஜாக்கள்’ (1978), ‘மூடுபனி’ (1980), ‘நூறாவது நாள்’ (1984). வீடியோ கேசட் வந்தது. திடல் காலியானது. பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் டெக். பாயை எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார வேண்டும். பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டார்கள், செம்பனையை அழித்து வீடமைப்புத் திட்டம் போட்டார்கள். ஜனங்கள் புறம்போக்குக் கம்பங்களுக்கும் பிறகு மலிவுவிலை அடுக்குமாடிக்கும் போனார்கள். கொலைப் படம் பார்த்த பிள்ளைகளில் சிலர் நிஜக் கத்தியைத் தொட்டார்கள். சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015) அந்த இடத்தைத்தான் படமாக்கியது. தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள், அவர்களின் ஒரு சின்னப் பையன், கேங். 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. திரில்லருக்கான பொருள் எல்லாம் அதில் உண்டு, ஆனால் யார் கொலை செய்தது என்று அது ஒரு இடத்திலும் மர்மம் வைப்பதில்லை. கையை நீட்டிக் காட்ட வேண்டிய ஆள் திரைக்குள் இல்லை என்று அந்த இயக்குநருக்குத் தெரிந்திருந்தது.

கடைசியாக ‘பாபநாசம்’. இதுவும் 2015. படம் பார்க்காதவர்கள் இனிமேல் வருவதைப் படிக்க வேண்டாம். பத்து வருடமாகியும் பார்க்கவில்லை என்றால் அது உங்கள் தப்பு.

ஜீத்து ஜோசஃப்பின் மலையாள ‘த்ரிஷ்யம்’ (2013) பல மொழிகளுக்குப் போனது. சீன மொழியிலும் 2019இல் வந்தது. இயக்கியவர் நம்ம பினாங்குக்காரர், சாம் குவா. கதை தாய்லாந்தில் நடக்கிறது. அந்தச் சீனப் படத்தின் முடிவில் தகப்பன் என்ன செய்கிறான் தெரியுமா? போலீசில் சரணடைகிறான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மலையாளத்திலும் தமிழிலும் அவன் சரணடைவதில்லை. போலீஸ் தோற்கிறது. ஆனால் படம் அங்கே முடிந்துவிடவில்லை. பையனைப் பறிகொடுத்த தாயும் தகப்பனும் வந்து நிற்கிறார்கள். அவள் இப்போது ஐ.ஜி. இல்லை, வெறும் தாய். எங்கள் பிள்ளை இருக்கிறானா இல்லையா, அதை மட்டும் சொல் என்கிறார்கள். கமல் நேராகச் சொல்லாமல், சொல்லாமலும் இருக்க முடியாமல் சொல்லிவிடுகிறார். விசாரணையில் அத்தனை அடிக்கும் வாய் திறக்காத மனுஷன். கோபால் மாட்டிக்கொண்டு ஒப்புக்கொண்டான், சுயம்புலிங்கம் தப்பித்த பிறகு ஒப்புக்கொள்கிறான். தண்டனை தேவையில்லை, சொன்னால் போதும், நாங்கள் ஆளை விட்டுவிடுகிறோம் என்பதுதான் பார்வையாளர்கள் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் என்று எனக்கு அப்போது பட்டது. ‘புதிய பறவை’க்கு மழையில் காத்திருந்தவர்கள், ‘கபாலி’க்குக் கோபித்துக்கொண்டவர்கள், எல்லோரையும் இதில் பொருத்திவிடலாம் என்று சந்தோஷப்பட்டேன்.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஸ்ட்ரோவில் ‘பாபநாசம்’ போட்டபோது பாட்டியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தேன். முழுதும் பார்த்தார். எல்லாத் திருப்பத்துக்கும் “உம்” என்றார். அந்தத் தாயும் தகப்பனும் வந்து நிற்கும் காட்சியில் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு வருவதுதான் எல்லோரும் விசில் அடித்த இடம். புதிதாகக் கட்டிய போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவன் நடக்கிறான். பிணம் அந்தத் தரைக்குக் கீழேதான் இருக்கிறது. அவனுக்கும் நமக்கும் மட்டும் தெரியும். படம் முடிந்தது.

“எப்படி பாட்டி?”

பாட்டி தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

“அப்பதான் வந்து நின்னாங்கள்ல, பெத்தவங்க. அப்பகூட எடத்தச் சொல்லலையே அவன்.”

“சொன்னா மாட்டிக்குவான் பாட்டி.”

“மாட்டட்டுமே” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “எங்க கெடக்குன்னு தெரிஞ்சா ஒரு பூவாவது கொண்டுபோய் வைப்பாங்கள்ல” என்று சொல்லிவிட்டு, சாயங்கால விளக்கு ஏற்ற எழுந்து போனார்.